குதிரை வந்தது, காப்பவர் வரவில்லை: பாண்டிநாட்டுக் குதிரை வாணிகமும் பேணுதற் சொற்களும்

"கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்பது தமிழர் நாவில் இன்றும் வழங்கும் பழமொழி. பயன் பெறுவதற்கு முந்தி, பொறுப்பேற்பதற்குப் பிந்துவோரைச் சுட்டுவதற்கே இதனை ஆள்கிறோம். பழமொழியின் பொருளைச் சற்று ஒதுக்கிவிட்டு அதன் சொற்களை நோக்குவோம். கொள் என்பது தீனி, கடிவாளம் என்பது அடக்கும் கருவி. குதிரை வளர்ப்பென்றால் தீனி போடுதலும் அடக்குதலுமே என்பது போல இப்பழமொழி அமைந்துள்ளது. நீர், உப்பு, காற்று, நடை, ஓய்வு, குளம்பு, பல் ஆகிய இவற்றைக் கவனிப்பதே பேணுதல் ஆகும். அதற்கு இங்கே இடமில்லை.

அந்தப் பேணுதலின் வரலாற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. குதிரை தமிழகத்தின் இயற்கை விலங்கன்று. அது கடல் வழியாகவும் வடக்கிலிருந்து நிலவழியாகவும் வந்தது. விலைக்கு வாங்கிய ஓர் உயிரைக் காக்கும் அறிவும் அதனுடன் வந்ததா, வராவிடின் எப்போது எவர்வழி வந்தது என்பதே நம் வினா. விடை தேட வரலாற்றாசிரியர் ஆவணங்களை நாடுவர். மொழியியலாராகிய நாம் சொற்களையும் சாட்சிக்கு அழைக்கிறோம்.

1. பழம்பாட்டுகளில் குதிரை

சங்க இலக்கியத்தில் குதிரைக்குப் பெயர்கள் பல. மா, பரி, புரவி, இவுளி, கலிமா, பாய்மா என்பன அவற்றுட் சில. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. ஆகவே, குதிரை இறக்குமதி இம்மண்ணில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது எனலாம்.

அக்காலத்தார் குதிரையைக் கூர்ந்து நோக்கினர் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், பாசறையில் உறக்கமின்றி இருக்கும் அரசன் அம்பு தைத்த குதிரைகளை எண்ணி வருந்துகிறான். அவை செவி சாய்த்து, உணவு கொள்ளாமல் நிற்கின்றன. குதிரையின் நோவை அறிய இன்றைய கால்நடை மருத்துவரும் முதலில் நோக்குவது இவ்விரண்டையே. செவி தளர்ந்து பக்கவாட்டில் சாய்வதும், தீனியை மறுப்பதும் வலியின் முதற்குறிகள். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், சேணம் களையப்படாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று தம்மேல் விழும் மழைத்துளியை உதறுகின்றன. ஈரச் சேணத்தின் கீழ் நெடுநேரம் நிற்கும் குதிரையின் முதுகுத்தோல் புண்ணாகும் என்பது குதிரை வைத்திருப்போர் அறிந்தது. புலவர் அதனைச் சொல்லவில்லை. ஆயினும், களைய வேண்டிய சேணம் களையப்படவில்லை என்பதைக் கண்டிருக்கிறார்.

'கொய்சுவல்', 'கொய்யுளை' என்னும் தொடர்கள், பிடரிமயிரைக் கத்தரித்து ஒழுங்குசெய்யும் வழக்கம் இருந்ததைக் காட்டுகின்றன. நடைவகைகளும் பின்னர் மயூரகதி, வானரகதி, வல்லியகதி, சரகதி, மல்லகதி என ஐந்தாக வகுக்கப்பட்டன. தோற்றத்துக்கும் நடைக்கும் ஆகும் சொல்வளம் இவ்வாறு பெரிது. குளம்பின் நோய்க்கும் வயிற்றின் நோய்க்கும் இதற்கு ஈடான சொல்வளத்தை இலக்கியத்தில் காண்பதரிது. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

2. ஆண்டுக்குப் பத்தாயிரம்

சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் 'குதிரைச் செட்டிகள்' இடம்பெறுகின்றனர். பெயரே தொழிலைச் சொல்லும் அளவுக்கு அவ்வாணிகம் வளர்ந்திருந்தது. அதன் உச்சத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டில் காண்கிறோம்.

அக்காலத்தைப் பற்றி இருவர் எழுதியுள்ளனர். ஒருவர், சீனத்திலிருந்து கடல்வழி திரும்புகையில் 1292-93 அளவில் இக்கரையைக் கடந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்திலிருந்து எழுதிய வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். பாண்டிய அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், அரசுரிமையுடைய அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குவதாகவும் போலோ கூறுகிறார். உடன்பிறந்தார் ஐவர் என்பதும் அவர் கூற்றே. ஹோர்முசு, கிஷ், பஹ்ரைன், கதீஃப் முதலிய இடங்களிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்கிறார் வஸ்ஸாஃப். இருவரும் தனித்தனியே எழுதியவை ஏறத்தாழ ஒரே தொகையில் முடிவது கருதத்தக்கது.

விலையோ மிகப் பெரிது. ஒரு குதிரைக்கு 100 மார்க்கு வெள்ளிக்கும் மேற்பட்ட மதிப்புடைய பொன் என்கிறார் போலோ. ஒன்றுக்கு 220 பொன் தீனார் வீதம் மொத்தம் 22 லட்சம் தீனார் என்று கணக்கிடுகிறார் வஸ்ஸாஃப்.

இத்தனை பொன் கொடுத்து வாங்கியவை என்னாயின? ஆண்டிறுதியில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை என்று போலோ எழுதுகிறார். பேணத் தெரியாமையே காரணம் என்பது அவர் முடிபு. இறைச்சியைச் சோற்றுடன் வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டுகின்றனர் என்றும் கூறுகிறார். வறுத்த தானியமும் வெண்ணெயும் ஊட்டி, காய்ச்சிய பசும்பாலைப் பருகத் தருகின்றனர் என்கிறார் வஸ்ஸாஃப். மேலும், கொழுக்கவேண்டுமென நாற்பது நாள் கயிறும் முளையும் கொண்டு லாயத்திலேயே கட்டிவைத்து, பிறகு பயிற்சி ஏதுமின்றி, அங்கவடியும் இன்றி ஏறி விரட்டுகின்றனர் என்றும், வலியும் விரைவும் மிக்க குதிரைகள் சிறிது காலத்தில் சோர்ந்து பயனற்றுப் போகின்றன என்றும் எழுதுகிறார்.

3. அவை ஏன் இறந்தன?

அயல்நாட்டார் கூற்றை அப்படியே ஏற்பதும் தவறு. நம்மவரைக் குறைகூறுகிறது என்பதற்காகத் தள்ளுவதும் தவறு. குதிரையின் உடற்கூற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. இப்பகுதி குதிரை வைத்திருப்போர்க்கு இன்றும் பயன்படும் என்பதால் சற்றே விரித்துரைக்கிறோம்.

குதிரை புல்லுண்ணி. ஆயினும், மாட்டைப்போல் அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை உடலளவுக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. பித்தப்பையும் அதற்கு இல்லை. புல்லின் நார் பெருங்குடலிலும் அதன் முன்பையிலும் வாழும் நுண்ணுயிர்களால் செரிக்கப்படுகிறது. ஆகவே, நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதே அதன் இயல்பு. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு அளவுக்கு உலர்ந்த புல் நாள்தோறும் வேண்டும் என்பது இன்றைய பொது விதி.

மாவுப்பொருள் மிக்க சோற்றையும் தானியத்தையும் திடீரெனப் பெருமளவில் ஊட்டினால், சிறுகுடலில் செரியாத மாவு பெருங்குடலை அடைந்து புளிக்கிறது, அமிலம் மிகுகிறது. அதன் விளைவு கடும் சூலை. அதனைத் தாங்கிப் பிழைத்தாலும் குளம்பின் உட்படலம் அழன்று, நிற்கவே இயலாத நிலை வரலாம். கொழுப்பையும் நாட்கணக்கில் சிறுகச் சிறுகப் பழக்கினால்தான் குதிரை ஏற்கும். தீனியை மாற்றுவோர் ஏழு முதல் பத்து நாள் வரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

நாற்பது நாள் கட்டிவைத்தல் இரண்டாவது தீங்கு. நடக்கும்போது குளம்பு சற்று விரிந்து சுருங்கிக் காலின் குருதியோட்டத்துக்கு உதவுகிறது. நின்றே கிடக்கும் குதிரைக்கு இவ்வுதவி குறைகிறது. சிறுநீர் ஊறிய தரையில் நிற்பதால் குளம்பின் அடிப்பகுதி அழுகும். இதனினும் கொடியது பிறகு நிகழ்வது. முழுத் தீனியுடன் ஓய்வில் வைத்த குதிரையைத் திடீரெனக் கடுமையாக ஓட்டினால், தொடைத் தசைகள் இறுகிச் சிதைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகும். ஞாயிறு முழுதும் ஓய்வாகத் தின்று திங்களன்று வண்டியிழுத்த குதிரைகளுக்கு இது வந்தமையால், ஐரோப்பியர் இதனைத் 'திங்கட்கிழமை நோய்' என்றே அழைத்தனர். வஸ்ஸாஃப் வருணிப்பது ஏறக்குறைய இந்நோய்க்கு வழிவகுக்கும் முறையையே.

மூன்றாவது தட்பவெப்பம். வறண்ட நாட்டுக் குதிரை வியர்வையால் உடலைத் தணிக்கிறது. ஈரம் மிக்க கடற்கரைக் காற்றில் வியர்வை எளிதில் உலராது. குதிரையின் வியர்வையில் உப்பு மிகுதி, ஆதலால் வேலை செய்யும் குதிரைக்கு உப்பு தனியே வேண்டும். வெப்ப நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளுட் சில, நாளடைவில் வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. சிறிது ஓடியதும் மூச்சு இரைத்து, தோல் உலர்ந்து, உடல் கொதிக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குதிரை வைத்திருப்போர் இதனை நன்கு அறிவர். விடியுமுன் பயிற்சி, குளிர்நீர் ஊற்றல், காற்றோட்டமான லாயம், உப்புக்கட்டி ஆகியவையே இதற்குக் கைகண்ட காப்பு. ஓய்வில் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு. இவ்வெண்களை அறிந்தவர், மாற்றம் தொடங்கும்போதே மருத்துவரை அழைக்கலாம்.

ஆகவே, இருவர் கூற்றும் மருத்துவ நோக்கில் பொருந்துவனவே. குதிரைகள் தெய்வக்குற்றத்தால் மாண்டன அல்ல, இம்மண்ணின் தன்மை ஒன்றினால் மட்டும் மாண்டனவும் அல்ல. தீனியும் நடையும் குளம்பும் கவனிக்கப்படாமையே பெரிதும் காரணம் எனலாம்.

4. அறியாமையால் ஆதாயம் பெற்றவர்

இங்கே போலோ கூறும் ஒரு செய்தி எல்லாவற்றினும் முதன்மையானது. குதிரை கொணரும் வணிகர்கள் லாடம் அடிப்போரைத் தம்முடன் அழைத்து வருவதுமில்லை, அங்குச் செல்ல விடுவதுமில்லை என்கிறார். குதிரைகள் இறந்தால்தான் மறு ஆண்டும் விற்பனை நடக்கும். அக்கால ஐரோப்பாவில் லாடம் அடிப்பவரே குதிரை மருத்துவரும் ஆவார், இரண்டுக்கும் பெயர் ஒன்றே. எனவே, மருத்துவ அறிவே தடுத்துவைக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

வஸ்ஸாஃப் கூறும் ஒப்பந்தம் இதற்கு வலுவூட்டுகிறது. வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுக்கவேண்டும் என்பதே அவ்வொப்பந்தம். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வழக்கம் நிலைத்திருந்தது. விசயநகரத்தைப் பற்றி எழுதிய போர்ச்சுக்கீசியர் நூனிஸ், நரசிம்மன் என்னும் அரசன் உயிருள்ளதாயினும் இறந்ததாயினும் குதிரைக்கு விலை கொடுத்தான் என்றும், கடலில் இறந்ததற்கு அடையாளமாக வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாற் போதும் என்றும் எழுதுகிறார்.

இவ்வேற்பாட்டை எண்ணிப் பார்க்க. விற்பவர்க்குக் குதிரை வாழ்வதில் ஆதாயம் இல்லை. வாங்குபவரோ போருக்கு அஞ்சி எவ்விலைக்கும் வாங்கியாகவேண்டிய நிலையில் உள்ளார். ஆகவே, 'தமிழர்க்குக் குதிரை பேணத் தெரியாது' என்னும் முடிபு பாதி உண்மையே. தெரியாமல் வைக்கப்பட்டனர் என்பது மறுபாதி. ஆயினும் பாண்டிய அரசவையின் பொறுப்பை மறைத்தலும் ஆகாது. ஆண்டுதோறும் இத்தனை பொன் செலவிட்டவர்கள், அதில் ஒரு சிறுபங்கைக் கொடுத்துக் குதிரை மருத்துவர் ஒருவரை வரவழைக்கவில்லை என்ற குறை அவர்களையே சாரும்.

திருப்பெருந்துறைக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சரின் கதையை நாம் அனைவரும் அறிவோம். நரிகள் பரிகளாகி, ஓரிரவில் மீண்டும் நரிகளாயின. இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது. எனினும், பெருவிலைக் குதிரைகள் விடிவதற்குள் இல்லாமற்போகும் கதை பாண்டிநாட்டில் நிலைபெற்றமை நம் கவனத்துக்குரியது.

5. சொற்கள் தரும் சாட்சி

அறிவு வராமலே போயிற்றா? இங்கே ஆவணங்கள் சுருங்குகின்றன, சொற்கள் பேசுகின்றன.

லகரம் தமிழில் மொழிமுதலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஆனால் குதிரை லாயத்துக்குள் நுழைந்தால் லகரம் முதலாகிய சொற்களே எதிர்ப்படுகின்றன. லாயம், லாடம், லகான் என்பன அவை. எழுத்துவழக்கில் இகரம் முன்னிட்டு இலாயம், இலாடம் என்கிறோம். குதிரைச் சாணத்தைக் குறிக்கும் இலத்தியும் அவ்வகையதே, கன்னடத்திலும் தெலுங்கிலும் லத்தி என்றே வழங்குவது. லாயமும் லாடமும் அம்மொழிகளோடு நாம் பகிர்ந்துகொள்ளும் சொற்கள். லகான், சவாரி, சவுக்கு, சேணத்தைக் குறிக்கும் ஜீனி ஆகியவை பாரசீகத்திலிருந்து வந்தவை. அங்கவடிக்கும் கன்னட தெலுங்கு உறவு உண்டு, சங்கப்பாட்டுகளில் அச்சொல் இல்லை.

இதன் பொருள் தெளிவு. குதிரையின் அழகையும் விரைவையும் சொல்லும் சொற்கள் இலக்கியத்தில் பழமையானவை. லாயத்தின் அன்றாடப் பணியைச் சொல்லும் சொற்களுட் பல, பின்னர்ப் பிறரிடமிருந்து பெற்றவை. பொருளோடும் பணியோடும் வந்தமையால்தான் இச்சொற்கள் நிலைத்தன. விசயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு, கன்னடக் குதிரைப்படையினரும், இராவுத்தர் எனப்பட்ட குதிரை வீரரும் தமிழ்மண்ணில் வாழத் தலைப்பட்டனர். அருணகிரிநாதர் முருகனையே 'ராவுத்தன்' என விளிக்கும் அளவுக்கு அச்சொல் மதிப்புப் பெற்றது. வணிகர் குதிரையை இறக்கிவிட்டுச் சென்றனர், இவர்களோ குதிரையோடு தங்கினர். பேணும் அறிவு தங்கியவர்வழி வந்தது என்பதே சொற்களின் சாட்சி. நகுலன் பெயரால் வழங்கும் வடமொழி அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் பேணிப் பதிப்பித்துள்ளமையும் இங்கு நினையத்தக்கது.

6. கடல் கடந்த லாடம்

வரலாறு இவ்விடத்தில் நம் நாட்டுப் பக்கம் திரும்புகிறது. மலாய் மொழியில் குதிரைக்குளம்பின் இரும்புக்குப் பெயர் 'லாடாம்'. இது தமிழ் 'இலாடம்' என்பதிலிருந்து பெற்றது என மலாய் அகராதியாளர் குறித்துள்ளனர். குதிரையைக் குறிக்கும் 'கூடா' என்னும் மலாய்ச் சொல்லையும் இந்திய மொழிகளோடு, சிறப்பாகத் தமிழ்க் 'குதிரை'யோடு, தொடர்புபடுத்துவோர் உளர். லாடம் அடிப்பவரே வரக்கூடாதென்று தடுக்கப்பட்ட கரையிலிருந்து, லாடத்தின் பெயர் கடல் கடந்து மற்றொரு மொழிக்குச் சென்றிருக்கிறது. பெற்றவர் கொடுத்தவராயினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் குதிரை வண்டியோட்டிகளாகவும் குதிரைக்காரர்களாகவும் பாவியான் தீவினரும் தென்னிந்தியரும் இருந்தனர். அரபு மூலத்ததாகிய 'சைஸ்' என்னும் பெயரே அவர்களுக்கு வழங்கிற்று. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப்பந்தயக் கழகம் பேரர் பூங்கா, புக்கிட் தீமா, கிராஞ்சி என இடம்பெயர்ந்து, 2024 அக்டோபர் 5-ஆம் நாள் இறுதிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. குதிரைகள் பிற நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. லாயங்களின் பேச்சும் அவற்றோடு கலைகிறது.

இங்கு நம் குறையொன்றைச் சொல்லியாகவேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், மாணவப் பருவத்தில், வழக்குச் சொற்கள் தொகுக்கும் பொருட்டுப் பந்தயத்திடல் ஒன்றின் லாயத்துக்குச் சில நாள் சென்றிருந்தோம். அங்கே பணிபுரிந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் விடியுமுன்பே வருவார். ஒவ்வொரு குதிரையின் முன்னும் குந்தி, நான்கு குளம்புகளிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். பிறகு இலத்தியைக் கிளறிப் பார்ப்பார். இரவு வைத்த தீனி தொட்டியில் மிச்சமிருக்கிறதா என்று நோக்குவார். செவிகளை இரு கைகளாலும் நீவிவிடுவார். அதன்பின்பே கயிற்றை அவிழ்ப்பார். நாம் கையேட்டுடன் அருகில் நின்று, 'இதற்குப் பெயர் என்ன? அதற்குப் பெயர் என்ன?' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவரும் பொறுமையோடு தமிழும் மலாயும் கலந்து சொன்னார். கையேடு நிறைந்தது.

அண்மையில் அக்கையேட்டை எடுத்துப் பார்த்தோம். அறுபதுக்கு மேற்பட்ட பெயர்ச்சொற்கள் உள்ளன. குளம்பில் ஏன் புறங்கையை வைத்தார், எவ்வளவு சூடு இருந்தால் குதிரையை நிறுத்திவைப்பார், இலத்தியில் எதைத் தேடினார், இவற்றை யாரிடம் கற்றார் என்ற ஒரு வரிகூட அதில் இல்லை. குளம்பு அழற்சியின் முதற்குறி குளம்பின் சூடே என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின்னர் ஒரு மருத்துவ நூலிற் படித்தபோதுதான் அப்பெரியவர் செய்தது இன்னதென உணர்ந்தோம். அவர் அப்போது உயிரோடில்லை. குதிரையை மட்டும் ஏற்றிவந்து காப்பவரை விட்டுவந்த வணிகரைக் குறைகூறும் நாம், சொல்லை மட்டும் எடுத்துவந்து தொழிலை விட்டுவந்தோம்.

ஆதலின், இளைய ஆய்வாளர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. லாயங்களிலும் சவாரிப் பள்ளிகளிலும் பணிபுரிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் செல்லுங்கள். பொருளின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், அவர்கள் முதலில் எதைத் தொட்டனர், எதற்குப் பிறகு எதைச் செய்தனர், எந்தக் குறி கண்டால் நிறுத்தினர், அதனை யார் கற்பித்தனர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அகராதியில் லாடம் என்னும் சொல் இருக்கிறது. அதனை அடித்த கையின் அறிவை நாம் இன்னும் எழுதவில்லை.